முன் கண்ணாடியில் கல் பட்டால்

முன் கண்ணாடியில் கல் பட்டுப் பெயர்ந்த சிறு குழியை அடைப்பது அரை மணித்தியால வேலை. அதே குழி ஓடி நீண்ட வெடிப்பாகிவிட்டால் கண்ணாடியையே கழற்றி மாற்ற வேண்டும். உங்கள் வாகனத்துக்குரிய கண்ணாடி மட்டக்களப்பில் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து வரவேண்டும்; அதுவரை வாகனம் நிற்கும், ஹயர் ஓடுபவருக்கு உழைப்பும் நிற்கும். எந்தப் பக்கம் போவது என்பதைப் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில் நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும் தீர்மானிக்கின்றன. வாவியை அண்டிய ஊர்களில் தவணை இன்னும் குறைவு. ஈரக்காற்று, உப்பு, தூசி, வெயில் எல்லாம் ஒரே குழிக்குள் புகும் இடம் இது.

கார், வான், கெப் வைத்திருப்பவர்கள் கல் பட்ட நிமிடத்திலிருந்து வேலை முடியும் வரை என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் ஒழுங்காகச் சொல்கிறது. அவசரமாக இதைத் திறந்தவர்கள் மூன்றாம் பகுதிக்கு நேரே போகலாம்.

1. எங்கே படுகிறது, எப்போது படுகிறது

மட்டக்களப்பிலிருந்து வெளியே போகும் பெருவீதிகள் இன்று காபட் வீதிகள். கல்முனைப் பக்கம் போகும் ஏ4, வாழைச்சேனை தாண்டித் திருகோணமலைப் பக்கம் போகும் ஏ15, செங்கலடியில் பிரிந்து கரடியனாறு, மகாஓயா ஊடாக மலைநாட்டுக்கு ஏறும் ஏ5 எல்லாமே வேகமாக ஓடக்கூடியவை. அவற்றில் கிடக்கும் கல் பெரும்பாலும் பக்கத்துக் கிறவல் வீதியிலிருந்து வந்தது. வட்டைக்குள் போய்வந்த உழவு இயந்திரமும், மணலோ கிறவலோ ஏற்றிய டிப்பரும் பெருவீதியில் ஏறும் சந்தியைக் கவனித்துப் பாருங்கள். அங்கிருந்து கொஞ்சத் தூரத்துக்குச் செம்மண்ணும் சல்லியும் சிந்திக் கிடக்கும். டயரின் பூக்களுக்குள் இறுகிய கல், வாகனம் வேகம் பிடிக்கும்போதுதான் கழன்று பறக்கும். ஆகவே சந்தியைத் தாண்டி டிப்பர் வேகமெடுக்கும் அந்த இடைவெளியில் அதன் பின்னால் நெருங்கிப் போகாதீர்கள்.

வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்குப் போய்வருபவர்களுக்கு இது அன்றாடப் பாடு. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, முன்பு பாதைப் படகுக்குக் காத்திருந்த துறையை இப்போது எல்லா வாகனங்களும் நிற்காமல் கடக்கின்றன. கொக்கட்டிச்சோலைத் தேர்த்திருவிழாக் காலத்தில் வானும் பஸ்ஸும் உழவு இயந்திரமும் ஒரே வீதியில் வரிசையாகப் போகும். பட்டிருப்புப் பாலம், வலையிறவுப் பாலம் வழியாக உள்ளே போகிறவர்களும் கிறவலில் இறங்காமல் திரும்புவது அருமை.

காலத்தையும் பாருங்கள். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. நெல் ஏற்றிய பெட்டிகளும் அறுவடை இயந்திரங்களும் வீதிக்கு வரும். சிறுபோகத்துக்கு ஆடி, ஆவணியில் அதே காட்சி திரும்பும். அப்போது கச்சான் காற்றும் சேர்ந்துகொள்வதால் தூசியும் சூடும் கூட. கார்த்திகை முதல் தை வரை மாரி; வெள்ளம் வீதியோரத்தைக் கரைத்துக் கல்லை வீதிக்குக் கொண்டுவரும், குழிகளைத் திறக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. வீதியில் துள்ளி நிற்கும் கல்லை நீங்கள்தான் போய் மோதுகிறீர்கள். மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 70 கிலோமீற்றரிலிருந்து 50 ஆகக் குறைத்தால் அடி ஏறத்தாழப் பாதியாகிவிடும். கிறவல் சந்தியில் காலைக் கொஞ்சம் தளர்த்துவதால் கிடைக்கும் லாபம் அது.

2. கண்ணாடிக்குள் நடப்பது

முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்புள்ள இரண்டு கண்ணாடிகள். நடுவில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் ஒட்டும் தன்மையுள்ள தெளிந்த பிளாஸ்டிக் படலம். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ் 1909 இல் காப்புரிமைக்குக் கொடுத்த யோசனையின் வழியில் வளர்ந்தது இது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டியே நிற்கும், முகத்தில் கொட்டாது. கல் படும்போது வழக்கமாக வெளிக் கண்ணாடி மட்டுமே உடையும். அதனால்தான் அடைக்க முடிகிறது. பக்கக் கண்ணாடியும் பெரும்பாலான வாகனங்களின் பின் கண்ணாடியும் வேறு வகை: சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியவை. அவை உடைந்தால் ஒரேயடியாகப் பொடியாகும். அடைக்கும் பேச்சே இல்லை.

கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஒரு கீறலின் நுனியில் இழுப்பெல்லாம் போய்க் குவியும். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் கண்ணாடி நடுவில் சூடேறி விரியும். சட்டத்துக்குள் இருக்கும் விளிம்பு அந்தளவுக்குச் சூடேறாது, அதனால் விளிம்பு இழுபடும். கொதிக்கும் கண்ணாடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் வெளிமுகம் சட்டென்று சுருங்கி, அங்கேயுள்ள குழி வாய் திறக்கும். கிறவல் வீதியில் வாகனத்தின் உடம்பு முறுகும்போதும், எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கக் கதவை அடித்துச் சாத்தும்போதும் அதே இழுப்புத்தான்.

வாவிக்கரையில் இருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஈரம். 1967 இல் அமெரிக்க ஆய்வாளர் ஷெல்டன் வீடர்ஹோர்ன், சாதாரண சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியில் வெடிப்பு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதைக் காற்றின் ஈரப்பதத்தை மாற்றி மாற்றி அளந்தார். ஒரே அளவு இழுப்பில், ஈரம் கூடிய காற்றில் வெடிப்பு விரைவாக ஓடியது. நுனியில் இழுபட்டு நிற்கும் சிலிக்கன், ஒட்சிசன் பிணைப்பை நீர் மூலக்கூறு வந்து அறுத்துவிடுகிறது. நேற்று இரவு நிறுத்தும்போது குழி மட்டும் இருந்த கண்ணாடியில் காலையில் கோடு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யாரும் தொடவில்லை, பனியும் இழுப்பும் இரவு முழுக்க வேலை செய்திருக்கின்றன.

ஈரத்தால் இன்னொரு கெடுதியும் உண்டு. குழிக்குள் நீர் நின்றால் அதை அடைக்க விடும் ரெசின் உள்ளே போகாது. படலத்துக்குள் நீர் இறங்கினால் அந்த இடம் பால்போல வெளுத்துவிடும், பிறகு தெளியாது. உப்புக் காற்றும் தூசியும் கார் கழுவும் சவர்க்காரமும் உள்ளே படிந்தால் அடைத்த பிறகும் கறை தெரியும்.

3. கல் பட்ட உடனே

டக்கென்று சத்தம் கேட்டதும் சட்டென்று பிறேக் பிடிக்காதீர்கள். பின்னால் பஸ் வரும். கண்ணாடி உள்ளே விழாது. பார்வை இருந்தால் வேகத்தைக் குறைத்து, வீதியை விட்டு ஒதுங்கி நிறுத்துங்கள். பிறகு:

முதலாவது, படம் எடுங்கள். கிட்டத்தில் ஒன்று, முழுக் கண்ணாடியும் தெரிய ஒன்று, இலக்கத்தகடு தெரிய ஒன்று. காப்புறுதிக்கு உதவும், நாளைக்கு வெடிப்பு நீண்டதா என்று ஒப்பிடவும் உதவும்.

இரண்டாவது, விரலால் தடவாதீர்கள். விரலின் எண்ணெய் குழிக்குள் போகும். குண்டூசியால் கிண்டவும் வேண்டாம். துண்டு பெயர்ந்தால் குழி பெரிதாகும்.

மூன்றாவது, காய்ந்த கண்ணாடி என்றால் தெளிந்த செலோடேப்பை ஒரு துண்டு வெட்டிக் குழியின் மேல் ஒட்டுங்கள். தூசியும் ஈரமும் புகாமல் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் ஒட்ட வேண்டாம். வெயில் பட்டால் கண் கூசும். மழையில் பட்டிருந்தால் கூரைக்குக் கீழே நிறுத்தி, துணியால் ஒற்றிக் காயவிட்டு, பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டிய டேப் ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

நான்காவது, ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாதீர்கள். முகத்துக்கு வரும்படி விடுங்கள், மெல்ல மெல்லக் குளிரட்டும். வெயிலில் நின்ற வாகனத்தின் டாஷ்போட் 70 பாகை செல்சியசை நெருங்கலாம். அதன் மேலுள்ள கண்ணாடியில் பனிக்காற்றைப் பாய்ச்சுவது வெடிப்பைக் கூப்பிடுவதற்குச் சமம்.

ஐந்தாவது, அடைக்கும் வரை சேவிஸ் ஸ்டேஷனில் அமுக்க நீரால் கழுவ விடாதீர்கள். வைப்பரைக் காய்ந்த கண்ணாடியில் ஓட்டாதீர்கள். நிழலில் நிறுத்துங்கள், பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

செய்யக்கூடாத வைத்தியங்கள் சில ஊரில் உலவுகின்றன. நகப்பூச்சுப் பூசுவது, சுப்பர் குளூ விடுவது, பற்பசை தேய்ப்பது. நகப்பூச்சும் குளூவும் குழியின் வாயை மூடிக் காய்ந்துவிடும்; உள்ளே காற்று நிற்கும், பிறகு நல்ல ரெசினுக்கு வழி இராது. பற்பசை வெறும் அழுக்கு. பயணத்துக்கு முன் இவற்றில் ஒன்றைச் செய்துவிட்டு மகியங்கனைப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்கோ, அதைத் தாண்டி நுவரெலியாவுக்கோ போகிறவர்கள் இருக்கிறார்கள். கரையோரச் சூட்டில் விரிந்த கண்ணாடி மலைக் குளிரில் சுருங்கும்போது வெடிப்பு எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலைப் பயணம் இருந்தால் அடைத்த பிறகு போங்கள்.

4. அடைக்கலாமா, மாற்ற வேண்டுமா

நல்ல வெளிச்சத்தில், காய்ந்த கண்ணாடியில், அடிமட்டத்தை எடுத்து அளந்து பாருங்கள். உள்ளே இருந்து ஒருவர் கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்தால் குழியிலிருந்து கிளைக்கும் மெல்லிய கீறல்களான கால்களும் தெரியும்.

அடைக்கக்கூடியவை:
– வெளிக் கண்ணாடி மட்டும் உடைந்தது. உள்பக்கத்தை நகத்தால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும், எதிலும் தட்டாது.
– உடைவு பத்து ரூபாய்க் குற்றியால் மூடக்கூடிய அளவு, அண்ணளவாக ஓர் அங்குலம்.
– ஒற்றை வெடிப்பு என்றால் ஆறு அங்குலத்துக்குள். அதற்கு மேலும் அடைப்பவர்கள் உண்டு. கருவியும் கைப்பழக்கமும் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.
– கண்ணாடி விளிம்பிலிருந்து ஆகக் குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி.
– புதிதாக, அழுக்கேறாமல்.

மாற்ற வேண்டியவை:
– விளிம்பைத் தொட்ட வெடிப்பு. அது நிற்காது.
– இரண்டு கண்ணாடியும் உடைந்தது, அல்லது படலம் கிழிந்தது.
– வெளுத்துப்போன, மண் ஏறிய பழைய உடைவு.
– கண்ணாடிக்குப் பின்னால் கமரா பார்க்கும் இடத்தில் பட்டது.
– ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் பெரிய உடைவு.

நேர்ப்பார்வை என்பதற்கு ஓர் அளவு வேண்டும். பிரித்தானியாவின் வருடாந்த வாகனப் பரிசோதனையில் ஸ்டியரிங் வளையத்தின் நடுவை மையமாகக் கொண்டு 290 மில்லிமீற்றர் அகலமுள்ள பட்டையை எடுக்கிறார்கள். வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் அந்தப் பட்டையில் 10 மில்லிமீற்றருக்குக் கூடிய சேதம் இருந்தால் வாகனம் தேறாது. வைப்பர் துடைக்கும் மற்றப் பரப்பில் எல்லை 40 மில்லிமீற்றர். அங்கும் நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டி வலப்பக்கம் அமர்வதால் அளவை அப்படியே எடுத்துப் பார்க்கலாம். அடைத்தாலும் ஒரு மங்கல் தழும்பு நிற்கும். பகலில் அது பெரிதாகத் தெரியாது. இரவில் கல்லடிப் பாலத்தில் எதிரே வரும் விளக்கு அந்தத் தழும்பில் பட்டுச் சிதறும். அதனால்தான் ஓட்டுநர் பக்கத்துக்கு இவ்வளவு கண்டிப்பு.

5. கடையில் வேலை நடக்கும் விதம்

அடைக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அடைக்கும் பாஸ் சரியாகச் செய்கிறாரா என்பது பார்த்தாலே தெரியும்.

முதலில் வாகனம் நிழலுக்குள் வரவேண்டும். ரெசின் வெயில்பட்டு இறுகும் சாமான். வெளியே வைத்துச் செய்தால் உள்ளே ஓடுமுன் இறுகிவிடும். கண்ணாடி கைக்குச் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருப்பார். பின்பு நுண்ணிய ஊசியால் குழியின் வாயிலுள்ள பொடியை எடுத்து, உள்பக்கமாக இளஞ்சூட்டுக் காற்றுப் பிடித்து ஈரத்தைப் போக்குவார். லைட்டர் நெருப்பைக் காட்டுகிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து மூன்று கால் அல்லது நான்கு கால் கொண்ட ஒரு பாலத்தை ரப்பர் உறிஞ்சிகளால் கண்ணாடியில் நிறுத்துவார். அதன் நடுவில் ஒரு சிறு குழாய், குழியின் வாயில் நேரே அமரும். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துத்தான் அதை நேராக்குவார். குழாய்க்குள் சில துளி ரெசின். இனி வேலை இரண்டு மாறி மாறி: காற்றை வெளியே இழுத்தல், ரெசினை உள்ளே அமுக்குதல். இழுக்கும்போது நுரைபோலச் சிறு குமிழ்கள் மேலே வரும். அமுக்கும்போது ரெசின் கால்களுக்குள் இறங்கும்.

நட்சத்திரம்போல் கால் விட்ட உடைவைப் பார்த்தால் இந்த இடத்தில் நடப்பது நன்றாகத் தெரியும். காற்று நிறைந்த கால்கள் கறுப்புக் கோடுகளாக நிற்கும். ரெசின் ஒளியை வளைக்கும் அளவு கண்ணாடிக்கு மிக நெருக்கமானது. அது எந்தக் காலுக்குள் ஓடுகிறதோ அந்தக் கோடு நுனியை நோக்கி மறைந்துகொண்டே போகும். கடைசிக் காலின் நுனியில் ஒரு மயிரளவு கறுப்பு நின்றால் இன்னொரு தடவை இழுத்து அமுக்க வேண்டும். அந்த மயிரளவு விட்டால் நாளைக்கு வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

எல்லாம் நிறைந்த பிறகு குழியின் வாயில் சற்றுத் தடித்த ரெசின் ஒரு துளி, அதன் மேல் தெளிந்த பிளாஸ்டிக் துண்டு, அதன் மேல் யூவி விளக்கு. சில நிமிடங்களில் இறுகும். மேலே நிற்கும் மிச்சத்தை ரேஸர் பிளேட்டை நேர் குத்தாகப் பிடித்துச் சுரண்டி, மினுக்கிவிடுவார். நகத்தை ஓட்டினால் தட்டக்கூடாது.

வேலையைக் கொடுக்குமுன் பாஸிடம் பேசும் விதமும் முக்கியம். வெறுமனே “எவ்வளவு?” என்று கேட்டால் விலை மட்டும்தான் தெரியும். இப்படிக் கேளுங்கள்:

“தம்பி, முதல்ல காத்து இழுத்துட்டுத்தான் ரெசின் விடுவீங்களா?”

“ஓம் அண்ணே, ரெண்டு மூணு தரம் இழுப்பன்.”

“இது எவ்வளவு மறையும்?”

“மங்கும் அண்ணே. முழுசா மறையும் எண்டு நான் சொல்லமாட்டன்.”

“அடைக்கிற நேரம் ஓடிட்டா?”

“அது நடக்கிறது உண்டு. நடந்தா அடைக்கிற காசு எடுக்கமாட்டன், ஆனா கண்ணாடி உங்கடதான்.”

இப்படி வெளிப்படையாகப் பதில் சொல்பவரை நம்பலாம். மறையும், ஓடாது, வாழ்நாள் முழுக்க நிற்கும் என்று எல்லாவற்றுக்கும் உறுதி தருபவரிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பொறுப்பை யார் ஏற்பது என்பதை வேலைக்கு முன்பே பேசிவிட வேண்டும். அமுக்கும்போது கண்ணாடி ஓடுவது அரிது என்றாலும் நடக்கக்கூடியது.

6. வீட்டில் நாமே செய்வதென்றால்

இணையக் கடைகளில் கைக்கடக்கமான அடைக்கும் பெட்டிகள் விற்கிறார்கள். ஊசிக் குழாய், ஒட்டும் வட்டம், சிறு போத்தல் ரெசின், பிளாஸ்டிக் துண்டு, பிளேட் இருக்கும். நேர்ப்பார்வைக்கு வெளியே, கால் விடாத சிறு வட்ட உடைவுக்கு இவை போதும். நீண்ட காலுள்ள நட்சத்திரத்துக்கும் ஆறு அங்குல வெடிப்புக்கும் கை வைக்காதீர்கள். கைப்பெட்டியின் இழுப்பு அவ்வளவு பலமில்லை. ஒரு தடவை பாதி நிறைந்து இறுகிய உடைவைத் தொழில்காரராலும் பெரும்பாலும் திருத்த முடியாது.

நம் காலநிலையில் நேரம் தேர்வதுதான் சூட்சுமம். விடியற்காலையில் கண்ணாடியில் பனி நிற்கும். பத்து மணிக்குப் பிறகு கண்ணாடி சுடும். காலை எட்டு மணியளவில், பனி உலர்ந்து கண்ணாடி இன்னும் குளிர்ந்திருக்கும்போது மாமர நிழலிலோ கராஜுக்குள்ளோ தொடங்குங்கள். முதல்நாள் இரவு வாகனத்தைக் கூரைக்குக் கீழே விட்டால் இன்னும் நல்லது. மாரியில் என்றால் இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு செய்யுங்கள், அதுவரை டேப் இருக்கட்டும். காயவைக்கத் தலைமயிர் உலர்த்தியைக் குறைந்த சூட்டில், தூரத்தில் பிடித்து, உள்பக்கத்திலிருந்து ஊதலாம்; பிறகு கண்ணாடி ஆறும்வரை பொறுங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் இழுத்தல், அமுக்கல் நேரத்தைக் குறைக்காதீர்கள். கறுப்பு மறைந்ததை உறுதிசெய்த பிறகே வாகனத்தை வெயிலுக்குத் தள்ளுங்கள். நம் வெயிலில் ரெசின் விரைவில் இறுகும். முகில் மூடியிருந்தால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். சுரண்டும்போது பிளேட் நேர்குத்தாக நிற்க வேண்டும், சரித்தால் நிரப்பிய ரெசினே பெயர்ந்து வரும்.

7. மாற்றத்தான் வேண்டும் என்றால்

முன் கண்ணாடி வெறும் காற்றுத் தடுப்பு அல்ல. இன்றைய கார்களில் அது பசையால் உடம்போடு ஒட்டிய உறுப்பு. வாகனம் உருண்டால் கூரையைத் தாங்க உதவுகிறது. பல கார்களில் முன் இருக்கைப் பயணியின் காற்றுப்பை விரியும்போது முன் கண்ணாடியில் முட்டித்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது. ஒட்டியது சரியில்லை என்றால் இரண்டும் தவறும். ஆகவே மலிவான இடம் தேடுவதைவிட ஒழுங்காக ஒட்டும் இடம் தேடுங்கள்.

கழற்றியவுடன் கண்ணாடி அமரும் தகட்டு விளிம்பை நீங்களே குனிந்து பாருங்கள். கடல் ஒருபக்கமும் வாவி ஒருபக்கமும் உள்ள எழுவான்கரையில் பல வருடம் நின்ற வாகனங்களில் அந்த விளிம்பில் துரு பிடிப்பது வழக்கம். துருவின் மேல் ஒட்டிய பசை துருவோடு கழன்று வரும். மாரியில் தண்ணீர் காலடிக்கு இறங்கும். துருவைச் சுரண்டி, அடிப்பூச்சுப் பூசி, காயவிட்டு, பிறகே பசை. இதற்கு அரை நாள் கூடுதலாகப் போனாலும் போகட்டும்.

பசை இறுகும் நேரம் பசைக்குப் பசை மாறும்: சிலது ஒரு மணித்தியாலம், சிலது பல மணித்தியாலம். எப்போது வாகனத்தை எடுக்கலாம் என்பதைப் பசைக் குழாயில் உள்ள அறிவுறுத்தலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலான கண்ணாடிப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சியே இறுகுகிறது. குழியைக் கெடுக்கும் வாவிக் காற்று இந்த ஓர் இடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. முதல் நாள் முழுவதும் பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள், கதவை அடித்துச் சாத்தாதீர்கள், கழுவாதீர்கள், கிறவலில் ஓடாதீர்கள். பழைய வான்களிலும் பஸ்களிலும் கண்ணாடி ரப்பர் பட்டைக்குள் நிற்கும். அவற்றில் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

பாவித்த கண்ணாடி வாங்கும்போது, அது கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தாலும் வேறெங்கிருந்து வந்தாலும், மூன்றைப் பாருங்கள். ஒட்டுமுன் வெயிலுக்கு எதிரே பிடித்து, மணல் பட்ட நுண்புள்ளிகள் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரவு ஓட்டம் கஷ்டம். விளிம்பு முழுவதும் விரலை ஓட்டாமல் கண்ணால் பாருங்கள். ஓரத்தில் ஒரு சிறு சில்லுப் பெயர்ந்திருந்தாலும் அது வெடிப்பின் விதை. படலம் ஓரத்தில் வெளுத்திருக்கிறதா என்பது மூன்றாவது. கண்ணாடி பஸ்ஸிலோ லொறியிலோ வரும்போது படுக்கவைக்காமல் நிமிர்த்தி வரவேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்த அண்மைக் கால வாகன் ஆர், விட்ஸ், வெசல் போன்றவற்றில் பின்பார்வைக் கண்ணாடிக்கு மேலே கமராவோ லேசர் உணரியோ இருக்கலாம். அவற்றுக்கு அதே மாதிரிக்குரிய கண்ணாடி வேண்டும். மாற்றிய பிறகு கமராவைத் திரும்ப அளவிட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் தானாகப் பிறேக் பிடிக்கும் வசதி தவறான தூரத்தைக் கணிக்கும். எங்கே அளவிடுவது என்பதைக் கண்ணாடி வாங்குமுன் விசாரியுங்கள். பழைய கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் கழற்றி எடுக்க மறக்க வேண்டாம். பழைய கண்ணாடி குப்பைக்குப் போனபின் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

8. காப்புறுதி

மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் கண்ணாடிக்கு எதுவும் தராது. முழுக் காப்புறுதியில் கண்ணாடிக்கென்று தனியாக ஓர் எல்லைத் தொகை எழுதியிருக்கலாம். பத்திரத்தை எடுத்து மூன்றைப் பாருங்கள்: கண்ணாடிக்குரிய எல்லை எவ்வளவு, முதலில் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, கண்ணாடிக்காகக் கேட்டால் உரிமைகோராமைக்கு வரும் கழிவு குறையுமா. அடைக்கும் செலவு சிறியது. அதற்காகக் கழிவை இழப்பது பல வேளை நட்டம். மாற்றும் செலவு என்றால் கணக்கு மாறும். கேட்பதென்று முடிவெடுத்தால் கண்ணாடியைக் கழற்றுமுன் அழைத்துச் சொல்லுங்கள். மதிப்பீட்டாளர் பார்க்காத சேதத்துக்குப் பணம் பெறுவது சிரமம். அடைத்ததற்கும் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். அதே இடத்திலிருந்து பிறகு வெடித்தால் காட்ட உதவும்.

9. திரும்பப் படாமல்

டிப்பருக்குப் பின்னால் போனால் இடைவெளி விடுங்கள். காபட் வீதியில் மூன்று செக்கன், கிறவல் சிந்திய இடத்தில் இன்னும் கூட. முந்துவதென்றால் வீதி தெளிவாக இருக்கும்போது தயங்காமல் முந்துங்கள். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் ஓடுவதுதான் கல் வாங்கும் வழி. புதிதாகத் தாரும் சல்லியும் போட்ட துண்டில் எதிரே வாகனம் வந்தால் இருவரும் மெதுவாகக் கடப்பது இருவரின் கண்ணாடிக்கும் நல்லது. சொந்தமாக உழவு இயந்திரமோ டிப்பரோ வைத்திருப்பவர்கள் பெருவீதியில் ஏறுமுன் டயரைத் தட்டி, சுமையைப் படங்கால் மூடினால் பின்னால் வருபவர்களின் செலவு குறையும்.

வைப்பர் ரப்பரை மாரி தொடங்குமுன், ஐப்பசியில், மாற்றிவிடுங்கள். தேய்ந்த ரப்பர் மணலை இழுத்துக் கண்ணாடியைக் கீறும். கீறிய கண்ணாடியில் கல் பட்டால் உடைவு எளிது. கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டு வந்தால் முதலில் நல்ல தண்ணீரால் மணலைக் கழுவுங்கள், பிறகு துடையுங்கள்.

டாஷ்போட் பெட்டிக்குள் ஒரு செலோடேப், ஒரு சிறு அடிமட்டம், ஒரு காய்ந்த பருத்தித் துணி வைத்திருங்கள். கிழமைக்கு ஒருதரம் வாகனத்தைக் கழுவித் துடைத்தபின் கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதையும் சாய்ந்த வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். புதிதாக ஒரு குழி தெரிந்தால் அன்றே டேப்பை ஒட்டி, அடுத்த நாளே கடைக்குப் போங்கள். அடுத்த சம்பளத்துக்குப் பார்ப்போம் என்று தள்ளிவைத்தால் அடைக்கிற காசோடு நிற்காது. கண்ணாடிக்கும் சேர்த்துக் கொடுக்க நேரிடும்.